சுத்தத் தட்டுக்கு ஓர் ஆள்

கிருமி நீக்கிய கையுறை எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணாமல் அறுவை அறைக்குள் நுழைகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் என் கண் முதலில் தட்டுக்குத்தான் போகும். காஸ் துணித் துண்டுகளை எண்ணும், இடுக்கிகளை எண்ணும், பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். உறையைக் கிழித்து எடுத்து மாட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் கழற்றி எறிகிற காலத்தில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நாங்கள் ஒரே கையுறையைக் கழுவி, காற்றூதி ஓட்டை பார்த்து, ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி, மறுபடி அவித்து, ரப்பர் பிசுபிசுக்கிறவரை பயன்படுத்தினோம். ஒரு ஜோடி குறைந்தால் ஒரு மாடு போய்விடும் என்கிற நிலைமை.

உங்களுக்கு இப்போது கால்நடைச் செவிலியர் என்று நல்ல பெயர் இருக்கிறது. எங்களைக் கம்பவுண்டர் என்பார்கள். பெயர் எதுவானாலும் செய்முறைத் தேர்வு அதேதான். கை கழுவ வேண்டும், கையுறை போட வேண்டும், தட்டு அடுக்க வேண்டும், தொடக்கூடாததைத் தொடாமல் நிற்க வேண்டும். அடுத்த மாதம் உங்களில் ஆறு பேர் அந்தத் தேர்வுக்கு நிற்கப் போகிறீர்கள். கை கழுவும் முறை உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. வேறு ஆறு பேர் நின்ற ஒரு தேர்வைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி, மிளகாய் வற்றல் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்தது. மூட்டை அவிழ்க்கிற நாளில் காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டால், அறுவைக் கொட்டகைக்குள் மாடு முதல் டாக்டர்வரை எல்லோரும் தும்முவோம். வயிறு திறந்திருக்கும்போது தும்மல் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே எனக்குப் பாதி நரை வந்துவிட்டது. கொட்டகையின் பொறுப்பு என்னுடையது. தட்டு, துணி அவிக்கும் டிரம், கையுறை, எண்ணிக்கை எல்லாம் என் தலையில்.

எங்கள் டாக்டர் பாளையங்கோட்டைக்காரர். கோபம் வந்தாலும் அவர் குரல் உயராது. பேச்சில் 'வே' மட்டும் கூடும். பயிற்சிக்கு வந்த பையன்களிடம் முதல் நாளே அவர் சொன்னது இது.

"தொடாத கைன்னு ஒண்ணு கிடையாதுவே. என் கையும் தொடும். தொட்டா அந்த நிமிஷமே வாயத் தொறந்து சொல்லணும். மாத்திக்கிடலாம். சொல்லாம மறச்சா அந்த மாட்ட நீரே கொன்ன மாதிரி."

அந்த ஆறு பேரில் ஒருவன் கருப்பசாமி. ஏழாயிரம்பண்ணைப் பையன். அவன் வீட்டில் எல்லோரும் வெடி ஃபேக்டரி ஆட்கள். அவனுடைய அண்ணன் மருந்து கலக்கும் அறையில் வெந்து, இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய் வீட்டில் இருந்தான். இளையவனாவது அந்த அறைக்குள் போகக்கூடாது என்றுதான் அவனுடைய அம்மா அவனைப் பத்தாவதுவரை படிக்க வைத்து எங்களிடம் அனுப்பினாள். தேறினால் சர்க்கார் வேலை. தேறாவிட்டால் அண்ணன் வேலை பார்த்த அதே அறையில் இடம் காலியாக இருந்தது. இதை அவன் ஒளிக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொல்வான், ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வது போல.

நல்ல கை. அவசரப்படாத கை. ஆனால் அந்தக் கையில் ஒரு பழக்கம் இருந்தது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் தீப்பெட்டி லேபிள் ஒட்டி வளர்ந்தவன் அவன். லேபிள் கட்டு மெல்லிய காகிதம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்க வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் நாக்குக்குப் போய் ஈரத்தோடு திரும்ப வேண்டும். அவன் ஊரில் பெண்கள் பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, அப்படி ஆயிரக்கணக்கில் பிரிப்பார்கள். விரல் வாய்க்குப் போவது அவர்களுக்கே தெரியாது.

பயிற்சியின்போது காஸ் துண்டு ஒட்டிக்கொண்டால் கருப்பசாமியின் விரலும் அப்படியே வாய்க்குக் கிளம்பும். முகமூடி போடாத நாளில் நாக்கையே தொட்டுவிட்டான். மற்ற பையன்களுக்கு அது பெரிய வேடிக்கை.

தேர்வு நாள் காலையில் கொட்டகைக்கு வெளியே ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஒருவன் கேட்டான், "ஏலே கருப்பா, கைய எங்க வச்சிருக்க?"

"சட்டப் பையில."

"அங்கனயே வச்சுக்கோ. வாய்க்குக் கொண்டு போயிராத. உள்ள நிக்கிறது மாடு, தீப்பெட்டி இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பசாமியும் சிரித்தான். அவன் உதடு வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

மாடு முத்தம்மாள் என்பவளுடையது. சிவகாசிப் பக்கத்துக்காரி, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. அந்தப் பகுதி மாடுகள் புல்லோடு சேர்த்து எதையாவது விழுங்கிவிடும். இந்தப் பசு தீனி எடுக்காமல், நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு முனகியது. உள்ளே ஏதோ கம்பி குத்துகிறது, இரைப்பையைத் திறந்து எடுத்தால்தான் பிழைக்கும் என்றார் டாக்டர். தேர்வன்றைக்கே அந்த அறுவை அமைந்துவிட்டது.

முத்தம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளைக பரீட்சைக்கு எம் மாடுதானா கெடச்சுது? பெயிலாயிட்டா அவுக வீட்டுக்குப் போயிருவாக. எம் மாடு எங்க போகும்?" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பையன்களை நிற்க வைத்துச் சொன்னார். "கிருமி நீக்காத எதையாவது உங்கள் கை தொட்டால் உங்கள் தேர்வு அத்தோடு முடிந்தது. காரணம் கேட்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எண்ணிக்கை சொல்வதற்கு மட்டும் பேசலாம். குறிப்புக் கொடுத்தால் அந்த மாணவனை வெளியே அனுப்பிவிடுவேன்."

அந்த நிமிஷத்தில் கொட்டகைக்குள் இரண்டு சட்டம் வந்துவிட்டது. தொட்டால் சொல் என்பது ஒன்று. தொட்டவன் தொலைந்தான் என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்ட பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்களுக்கும் இந்த இரண்டு சட்டமும் ஒரே நாளில் எதிரே வந்து நிற்கும். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

இந்த அறுவையில் இரண்டு தட்டு உண்டு. இரைப்பையைத் திறக்கும்வரை எல்லாமே சுத்தம். திறந்த பிறகு உள்ளே போய் வருவதெல்லாம் அழுக்கு. அந்தக் கருவி, அந்தக் கை, அந்தத் துணி எதுவும் சுத்தத் தட்டுப் பக்கம் திரும்பி வரக்கூடாது. சுத்தத் தட்டுக்கு ஒருவன், அழுக்குத் தட்டுக்கு ஒருவன். சீட்டுப் போட்டதில் சுத்தத் தட்டு கருப்பசாமிக்கு வந்தது. அவனுக்கு மதிப்பெண் முழுக்க அந்தத் தட்டில்தான். அழுக்குத் தட்டு தேவசகாயத்துக்கு. அவன் பள்ளிக்கூட வாத்தியார் மகன், படிப்பில் கெட்டிக்காரன். மற்ற நான்கு பேருக்கும் மதியம் வேறு தேர்வு.

கையுறை நான்கு ஜோடி அவித்து வைத்திருந்தேன். டாக்டருக்கு ஒன்று, பையன்களுக்கு இரண்டு. இரைப்பையைத் தைத்து மூடியதும் டாக்டர் அழுக்குக் கையுறையைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு வயிற்றைத் தைக்க நான்காவது. காஸ் இருபத்துநான்கு துண்டு. கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று வரவில்லை. அதற்காக நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

பசு மரச்சட்டத்துக்குள் நின்றது. மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று. டாக்டர் இடது விலாப் பக்கம் தோலையும் தசையையும் கடந்து, வயிற்றுச் சவ்வைத் திறந்தார். உள்ளே இரைப்பை ஈரமாக, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதை வெளியே இழுத்துத் திறப்பதற்கு முன்னால் சுற்றிலும் காஸ் வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சாறு வயிற்றுக்குள் வழிந்துவிடும்.

"காஸ்," என்று அவர் பார்க்காமலே கை நீட்டினார்.

கருப்பசாமியின் வலது கை அடுக்கின் மேல் இறங்கியது. புதுக் காஸ், பிசிறு பின்னிக்கொண்டு இரண்டு துண்டு சேர்ந்தே வந்தது. விட்டுவிட்டான். கை மேலே போனது. ஆள்காட்டி விரல் முகமூடியில், சரியாக உதடு இருக்கும் இடத்தில், பட்டது. அதே வேகத்தில் கீழே வந்து, அடுக்குக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

டாக்டர் திறந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் டாக்டரின் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் தன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு இரைப்பையையே பார்த்தான். கருப்பசாமி என்னைப் பார்த்தான். நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தது.

முகமூடித் துணி மூச்சில் நனைந்திருக்கும். அதைத் தொட்ட விரல் எடுத்துக் கொடுக்கிற காஸ் மாட்டின் வயிற்றுக்குள் போகும். நான் வாயைத் திறந்தால் அவன் அந்த அறைக்குப் போவான், அண்ணன் வெந்த அறைக்கு. திறந்திருப்பீர்களா என்று பின்னால் பலர் கேட்டார்கள். திறந்திருப்பேன், மாடு என் பொறுப்பு. ஆனால் அந்த ஒரு மூச்சு நேரம் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது நிஜம். அவனாகச் சொல்லிவிட வேண்டுமே என்று ஒரு பயம். சொல்லிவிடுவானே என்று இன்னொரு பயம்.

"காஸ் எங்கவே?" என்றார் டாக்டர்.

கருப்பசாமி கையைத் தட்டிலிருந்து விலக்கி உயரத் தூக்கினான்.

"ஐயா, தொட்டுட்டேன்."

"என்னது?" என்று தேர்வாளர் திரும்பினார்.

"முகமூடில விரல் பட்டுருச்சுங்கய்யா. அடுக்குல படல. திரும்பத் தொடுறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். இந்த ஒரு கைதான்."

நீட்டிய கையை மடக்காமலே டாக்டர் என்னைக் கேட்டார். "மிச்சக் கையுறை எத்தனவே?"

"ஒரு ஜோடி, சார்."

எல்லோருக்கும் கணக்குப் புரிந்தது. அந்த ஒரு ஜோடியைக் கருப்பசாமிக்குக் கொடுத்தால், சாணிச் சாற்றில் முங்கிய கையுறையோடு டாக்டர் வயிற்றைத் தைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சுத்தத் தட்டுக்கு ஆள் இல்லை. புதிதாக அவிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதுவரை நிற்க முடியாது. பசு தலையை ஆட்டியது. வெளியே முத்தம்மாள் யாரிடமோ, "சத்தமே காணமே, என்ன செய்யுதாக?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"உன் தேர்வு முடிந்தது. வெளியே போ," என்றார் தேர்வாளர்.

கருப்பசாமி நகரவில்லை. கையை இன்னும் இறக்கவும் இல்லை. "போறேங்கய்யா. ஒரு யோசன மட்டும். தேவசகாயம் கை இன்னும் ஒண்ணையும் தொடல. அவன் இங்கன சுத்தத் தட்டுக்கு வரட்டும். நான் அங்கன அழுக்குப் பக்கம் நிக்கிறேன். எரப்பையத் தொறந்த பெறகு புடிச்சுக்கிட்டு நிக்க என் கை போதும். அது எப்பிடியும் அழுக்காகுற கைதான். நாலாவது ஜோடி டாக்டரய்யாவுக்கு அப்பிடியே இருக்கும்."

தேர்வாளர் தேவசகாயத்தின் கைகளைப் பார்த்தார்.

"செய்," என்றார். "ஆனால் உனக்கு மதிப்பெண் கிடையாது."

"சரிங்கய்யா."

இருவரும் முதுகுக்கு முதுகு திரும்பி, ஒருவரை ஒருவர் உரசாமல் இடம் மாறினார்கள். தேவசகாயம் காஸைப் பிரித்துக் கொடுத்தான். அவன் கை நடுங்கியது. டாக்டர் இரைப்பையைத் திறந்தார். கருப்பசாமி அந்தத் திறப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கைவரை பச்சைச் சாறு வழிய, கடைசிவரை அசையாமல் நின்றான். டாக்டரின் கை உள்ளே போய் நெடுநேரம் தேடியது. வெளியே வந்தபோது விரல்களுக்கு இடையில் ஒரு கம்பி. கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்த கம்பி, நுனி கறுத்து வளைந்து இருந்தது. இரைப்பையைத் தைத்தார். நான் நான்காவது ஜோடியை நீட்டினேன். காஸ் எண்ணினேன். இருபத்துநான்கு. மறுபடி எண்ணினேன். பிறகுதான் வயிற்றை மூடச் சொன்னேன்.

சாயங்காலம் தேர்வாளரும் டாக்டரும் ஆபீஸ் அறையில் பேசினார்கள். டீ கொண்டுபோனவன் என்கிற முறையில் நானும் நின்றேன்.

"அவன் சொன்னானே, சார்," என்றார் டாக்டர்.

"சொன்னான். தொட்டுவிட்டேன் என்பதைத்தானே சொன்னான்?" தேர்வாளர் டீயைத் தொடவில்லை. "இரக்கப்பட்டுத் தேர்ச்சி கொடுத்த ஆட்கள் கையில் மாடு சீழ்ப் பிடித்துச் சாவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கும் பயம்தான் டாக்டர். இவன் கை நாளைக்கும் வாய்க்குப் போகும்."

"போகும். நாளைக்கும் சொல்லுவான். ஆனா இன்னைக்கு நீங்க செஞ்சதப் பாத்த மத்த பையன் எவனும் இனிமே வாயத் தொறக்க மாட்டான், சார்."

தேர்வாளர் முடிவை மாற்றவில்லை. ஐந்து பேர் தேறினார்கள். கருப்பசாமி தேறவில்லை.

அவன் போவதற்கு முன்னால் தான் போட்டிருந்த கையுறையைக் கழுவி, ஊதிப் பார்த்து, கொடியில் காயப்போட்டான். "ஓட்ட இல்லங்கய்யா. இன்னொரு தடவ அவிக்கலாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். தேவசகாயம் தேர்ச்சி பெற்ற சந்தோஷமே இல்லாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். "சார், எனக்குக் கை நடுங்குனத நீங்க பாத்தீங்க. காஸ் என் சட்டையில உரசுச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. உரசியிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல," என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. பயந்த பையன். அவன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள் பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டரும் நானும் மாறி மாறிக் குனிந்து தையலை முகர்ந்து பார்த்தோம். சீழ் வாடை வருகிறதா என்று தேடித் தேடி, எனக்குச் சோற்றிலும் அதே வாடை அடித்தது. இரண்டு நாள் காய்ச்சல் ஏறி இறங்கி, பிறகு இறங்கியே நின்றது. பசு சோளத்தட்டையை இழுத்து மென்றது. என்ன காரணத்தால் காய்ச்சல் வந்தது, எதனால் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

மாட்டை ஓட்டிப்போக வந்த முத்தம்மாள், "கடைசிவரைக்கும் புடிச்சுக்கிட்டு நின்னானாமே ஒரு பையன், அவன் எங்க? பாசாயிட்டானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பின்ன என்னத்தப் பாத்தாக அந்தப் பரீட்சையில?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தாள்.

கொஞ்ச நாளில் இன்னொரு மாடு வந்தது. காரியாபட்டிப் பக்கத்து உழவு மாடு, அதே முனகல், அதே கம்பி. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் தொறந்துருவோம்," என்றார். பிறகு என்னிடம், "நீரு ஏழாயிரம்பண்ணைக்குப் போய் அந்தப் பயலக் கூட்டிட்டு வாரும்வே," என்றார்.

"தேறுனவங்க ரெண்டு பேர் இங்கேயே இருக்காங்களே, சார்."

"இருக்காங்க. நல்ல பையங்கதான். ஆனா வயித்தத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறவன் நான். தொட்டா எங்கிட்டச் சொல்றவன் ஒருத்தன் எனக்கு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் இருக்கேனே, சார்," என்றேன்.

"உமக்கு எண்ணிக்கை இருக்கு. எண்ணுறவன் தட்டப் பாத்தா ரெண்டும் தப்பும். தொட்டி கழுவுற ஆள் வேல காலியாத்தான இருக்கு? அடுத்த தேர்வு வரைக்கும் அதுல வச்சுக்கிடுவோம். போய்ட்டு வாரும்."

காலையில் பஸ் பிடித்தேன். ஏழாயிரம்பண்ணையில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் ஃபேக்டரி கொட்டகைகள் தள்ளித் தள்ளித் தெரிய, அவர்கள் தெருவுக்கு விசாரித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் இடப்பக்கமிருந்து ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கருப்பசாமி, கருப்பசாமி என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. வந்தது தாமதமாகிவிட்டது என்று நினைத்தேன்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் என் முன்னால் நின்றாள். "எந்திரிங்க. சாம்பிள் வெடிச்சுப் பாக்குதாக. வேட்டியெல்லாம் மண்ணு."

"சாம்பிளா?"

"நெசமா வெடிச்சா நான் இங்கன நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்?" என்றாள். சிரிக்கவில்லை. கருப்பசாமி வீட்டைக் கை காட்டிவிட்டுப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்கு வந்திருந்தான். கை முழங்கைவரை வெள்ளிச் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டாலும் டம்ளரைப் பிடித்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவன் அம்மா என்னை நம்பவில்லை. "தோத்தவன்னு சொல்லித்தான அனுப்புனீக? பாசான பிள்ளைக அங்கன இல்லையா?"

"இருக்காங்கம்மா."

"பின்ன இவன் எதுக்கு?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அவள் மூத்த மகனைப் பார்த்தாள். பிறகு இளையவனின் கையைப் பார்த்தாள்.

"அங்கன தீப்பிடிக்கிற சாமான் ஒண்ணும் கெடையாதே?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஸ்பிரிட் விளக்கு ஒண்ணு இருக்கு."

"அத இவன் பத்தவைக்கக் கூடாது."

"நானே பத்தவைக்கிறேன்."

கருப்பசாமி அதுவரை சோற்றைத் தொடவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டான். "இந்தக் கை மறுபடியும் வாய்க்குப் போயிருச்சுன்னா என்னங்கய்யா செய்யிறது? இப்பவும் வீட்டுல லேபிள் ஒட்டையில போகுது. நிறுத்திப் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்குது."

எனக்கும் அந்தப் பயம் பஸ் ஏறியதிலிருந்தே இருந்தது. நாளைக்குத் திறக்கப்போகிற மாடு, அவிக்க வேண்டிய கையுறை, முகமூடி, அந்த ஒரு விரல். இந்தத் தடவை ஐந்து ஜோடி அவித்து வைக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

"போச்சுன்னா சொல்லு," என்றேன். "அதுக்குத்தான் கூப்பிடுறார்."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அண்ணன் மோரை வைத்துவிட்டு, ஒட்டிப்போன கைகளால் குடத்தை அணைத்துத் தூக்கிவந்து, தம்பியின் கையில் தண்ணீர் ஊற்றினான். சாம்பல் நிறத் தண்ணீர் மண்ணில் ஓடியது. தண்ணீர் தெளிந்து ஓடுகிறவரை அண்ணன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.